முதல் பக்கத்தில் விடை இருக்கட்டும்

கேள்வி: நான் சிவில் பட்டப்படிப்பு முடித்து, மதுரையில் மண் பரிசோதனை செய்யும் ஒரு நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் முதல்முறையாக ஒரு மண் ஆய்வு அறிக்கையை முழுவதும் நானே எழுதினேன். இரண்டு மாடிப் பள்ளிக் கட்டடத்துக்கானது. மொத்தம் 46 பக்கம். வண்ண அட்டை, எல்லாப் பக்கங்களிலும் பூவேலைக் கரை, தலைப்புகளுக்கு மூன்று நிறம், வரைபடங்கள் முப்பரிமாணத்தில் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். அதை வாங்கிய கட்டமைப்புப் பொறியாளர் மறுநாளே தொலைபேசியில் அழைத்து, "அஸ்திவாரத்தை எத்தனை மீட்டரில் வைக்க வேண்டும் என்பது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். அது 38-ஆம் பக்கத்தில் இருந்தது. எங்கள் முதலாளி அறிக்கையைத் திரும்ப எழுதச் சொல்லிவிட்டார். கல்லூரியில் சொல்லிக்கொடுத்த வரிசைப்படிதான் எழுதினேன். பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் ஓர் அறிக்கை எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்? எந்த எழுத்துரு, எத்தனை பக்கம்? செயப்பாட்டு வினையில்தான் எழுத வேண்டுமா? தமிழில் எழுதினால் தரக்குறைவாக நினைப்பார்களா? ஸ்பைரல் பைண்டிங் போதுமா, கெட்டி அட்டை போட வேண்டுமா?
— வாசகி, திருமங்கலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைத் தொலைபேசியில் அழைத்த அந்தப் பொறியாளரின் நாற்காலியில்தான் நான் முப்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் எழும்பும் கட்டடங்களுக்கு அஸ்திவாரம் வடிவமைப்பது என் தொழில். மண் ஆய்வு அறிக்கை கைக்கு வந்தால்தான் என் வேலை தொடங்கும். அதனால் அறிக்கையை வாசிக்கிற இடத்திலிருந்து உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

அவர் உங்களைக் குறை சொல்வதற்காக அழைத்திருக்க மாட்டார். அவர் மேசையில் ஒரு வரைபடம் பாதியில் நின்றிருக்கும். ஃபுட்டிங்கின், அதாவது தூணுக்கு அடியில் வரும் கான்கிரீட் பாதத்தின், ஆழம் தெரிந்தால்தான் அடுத்த கோட்டை இழுக்க முடியும். அந்த ஓர் எண்ணைத் தேடித்தான் உங்கள் பக்கங்களைப் புரட்டியிருக்கிறார். நீங்கள் என்னிடம் கேட்டதற்கான பதிலில் பெரும்பகுதி அவர் கேட்ட அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

காலையில் டீக்கடையில் நாளிதழை விரிக்கும் ஒரு விவசாயியைக் கவனித்துப் பாருங்கள். அணை நிலவரத்தைத் தேடுவார். வைகை அணை, மொத்த உயரம் 71 அடி, இன்றைய நீர்மட்டம் இவ்வளவு, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இவ்வளவு, இருப்பு இத்தனை மில்லியன் கன அடி. அடுத்து முல்லைப் பெரியாறு, அதே வரிசையில். நாள் தவறாமல் அதே அலகு, அதே ஒழுங்கு. அவர் கண் தேடி அலைவதில்லை. நேராகப் போய் வேண்டிய எண்ணில் நிற்கிறது. வைகையில் 66 அடி வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று கரையோர ஊர்க்காரர்களுக்கு மனப்பாடம். அதனால் எண்ணைப் பார்த்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. நம் வட்டாரத்தில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் தொழில்நுட்ப அறிக்கை அதுதான். நான் பார்த்த பல தடித்த அறிக்கைகளைவிட அது நன்றாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

கல்லூரியில் உங்களுக்குச் சொல்லித்தந்த வரிசை தவறானது என்று சொல்ல மாட்டேன். சான்றிதழ், நன்றியுரை, முன்னுரை, முந்தைய ஆய்வுகள், செய்முறை, முடிவு என்ற அந்த வரிசை தேர்வாளருக்காக ஏற்பட்டது. தேர்வாளருக்கு விடை ஏற்கெனவே தெரியும். நீங்கள் எந்த வழியாக அதற்கு வந்தீர்கள் என்று பார்ப்பதே அவர் வேலை. தொழிலில் நிலைமை நேர்மாறானது. விடை தெரியாத ஒருவர், அதைத் தெரிந்துகொள்ளப் பணம் கொடுத்து, அதை நம்பிப் பல லட்ச ரூபாய்க்கு ஒரு முடிவெடுக்கப் போகிறார். அவரை நன்றியுரையில் நிறுத்திவைக்கக் கூடாது.

ஓர் அறிக்கை என் கையில் வந்ததும் நான் அதை எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். முதல் பக்கத்தில் ஆழமும் தாங்குதிறனும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். அடுத்து நேராகத் துளை விவரப் பட்டியலுக்குப் போவேன். சொன்ன ஆழத்தில் உண்மையில் என்ன மண் இருந்தது என்று பார்ப்பேன். பிறகு துளைகள் எங்கே போடப்பட்டன என்று இடப்படத்தைத் தேடுவேன். ஏதாவது எண் உறுத்தினால் மட்டும் பரிசோதனைக் கூட முடிவுகளுக்குள் இறங்குவேன். ஒரு நாளும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாக வாசித்ததில்லை. எனக்குத் தெரிந்த பொறியாளர் எவரும் அப்படி வாசிப்பதில்லை. ஆகவே உங்கள் அறிக்கையை எந்தப் பக்கத்தில் திறந்தாலும் நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரிய வேண்டும். தலைப்புகளுக்கு 1, 1.1, 1.2 என்று எண் கொடுங்கள்; மூன்று அடுக்குக்குக் கீழே போக வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் அறிக்கை எண்ணும் தேதியும் இருக்கட்டும். பக்க எண்ணை "23-இல் 7" என்ற முறையில் போடுங்கள். இது அழகுக்காகச் சொல்வதில்லை. ஒப்பந்தக்காரர் உங்கள் அறிக்கையிலிருந்து நான்கு பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துத் தளத்துக்கு அனுப்புவார். அந்த நான்கு பக்கங்களும் எந்த அறிக்கையைச் சேர்ந்தவை, இன்னும் எத்தனை பக்கங்கள் விடுபட்டிருக்கின்றன என்று அங்கே நிற்பவருக்குத் தெரிய வேண்டும். பரிசோதனைக் கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரமும் இதைத்தான் கேட்கிறது: எல்லாப் பக்கங்களும் ஒரே அறிக்கையின் பகுதிகள் என்று அடையாளம் தெரிய வேண்டும், அறிக்கை எங்கே முடிகிறது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும்.

இப்போது முதல் பக்கம். உங்கள் பள்ளிக் கட்டட அறிக்கையின் முதல் பக்கத்தை நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு:

"இரண்டு மாடிப் பள்ளிக் கட்டடத்துக்கு எந்த ஆழத்தில், எந்த வகை அஸ்திவாரம் வைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான்கு இடங்களில் 10 மீட்டர் ஆழம் வரை துளையிட்டோம். நான்கிலும் மேலே 1.8 முதல் 2.2 மீட்டர் வரை கரிசல் மண். அதன் கீழ் சிதைந்த பாறை. தனித்தனி ஃபுட்டிங்குகளைச் சிதைந்த பாறையின் மேல், 97.40 மட்டத்தில் வைக்கலாம். இது துளையிட்ட நாளில் இருந்த தரையிலிருந்து 2.5 மீட்டர் ஆழம். பாதுகாப்பான தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 200 கிலோநியூட்டன். எந்த ஃபுட்டிங்கும் கரிசல் மண்ணில் நிற்கக் கூடாது. டிசம்பர் 12 அன்று நிலத்தடி நீர் 3.1 மீட்டர் ஆழத்தில் இருந்தது. வடகிழக்கு மூலையில் துளையிட வழி இல்லை. அங்கே குழி தோண்டும்போது மண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்."

இவ்வளவுதான். கேட்டது என்ன, பார்த்தது என்ன, செய்ய வேண்டியது என்ன, எங்கே கவனம் வேண்டும் என்பதெல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டன. இதற்குப் பின்னால் 45 பக்கம் இருந்தாலும் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். எத்தனை பக்கம் என்று கேட்டிருந்தீர்கள். முதல் பக்கம் ஒன்றாக இருக்கட்டும். மற்றவை எத்தனை வேண்டுமோ அத்தனை. ஆனால் விதிநூல்களிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து ஒட்டாதீர்கள். எந்த முறைப்படி சோதித்தீர்கள் என்று எண்ணைச் சொன்னால் போதும்: ஊடுருவல் சோதனைக்கு இந்தியத் தர விதிநூல் ஐ.எஸ். 2131, கரிசல் மண்ணின் வீக்கத்துக்கு ஐ.எஸ். 2720 பகுதி 40, தாங்குதிறன் கணக்குக்கு ஐ.எஸ். 6403. அவை எங்கள் அலமாரியிலும் இருக்கின்றன.

அந்த உதாரணத்தில் "97.40 மட்டத்தில்" என்று எழுதியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் மதுரைக்குத் தெற்கே ஒரு கட்டடம். மண் ஆய்வு அறிக்கையில் "தரைமட்டத்திலிருந்து 1.5 மீட்டர் ஆழம்" என்று இருந்தது. நானும் அதை அப்படியே வரைபடத்தில் எழுதிக் கொடுத்தேன். துளை போட்டதற்கும் வேலை தொடங்கியதற்கும் இடையில், மனை பள்ளமாக இருக்கிறது என்று உரிமையாளர் ஒரு மீட்டர் உயரத்துக்கு கிராவல் கொட்டி மேடாக்கியிருக்கிறார். குழி தோண்டிய அன்று தளத்துக்குப் போனேன். கொத்தனார் குழியின் ஓரத்தில் நின்று டேப்பைப் பிடித்தபடி, "ஐயா, தரைமட்டம் என்றால் எந்தத் தரை? கிராவல் கொட்டுவதற்கு முந்தைய தரையா, இப்போது நாம் நிற்கிற தரையா?" என்று கேட்டார். குழியின் அடி கறுப்பாக இருந்தது. அவர் உள்ளே இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்து, உள்ளங்கையில் வைத்து உருட்டிக் காட்டினார். மண் முறியாமல் கயிறு போலத் திரண்டு வந்தது. கரிசல். மழையில் வீங்கி, கோடையில் சுருங்கி, சுவரைப் பிளக்கும் மண். இன்னும் ஒரு மீட்டர் தோண்டிய பிறகுதான் கான்கிரீட் போட்டோம்.

அந்தக் கொத்தனார் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அன்று முதல் நகராத ஒரு புள்ளியைச் சொல்லாத அறிக்கையை நான் ஏற்பதில்லை. எதிரே இருக்கும் கோயிலின் வாசற்படி, பாலத்தின் கைப்பிடிச் சுவர் என்று ஏதாவது ஒன்றின் மேல்மட்டத்தை 100.00 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் துளைகளின் வாய்மட்டத்தையும் அதிலிருந்து அளந்து எழுதுங்கள். அந்தப் படியைப் புகைப்படம் எடுத்து, அம்புக்குறி போட்டு அறிக்கையில் சேர்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

நிலத்தடி நீருக்குத் தேதி போட்டதும் இதைப் போலத்தான். நம் பக்கம் சித்திரையில் வறண்டு கிடக்கும் துளையில் கார்த்திகையில் கையளவு ஆழத்தில் தண்ணீர் நிற்கும். பக்கத்துக் கண்மாய் நிறைந்திருந்தபோது அளந்ததா, வெடித்துக் கிடந்தபோது அளந்ததா என்று தெரியாவிட்டால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்தில் கண்மாய் இருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

எண்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களைப் போன்றவர்கள் ஓர் அறிக்கையை நம்புவதும் நம்பாததும் இங்கேதான் முடிவாகிறது. தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 187.43 கிலோநியூட்டன் என்று ஓர் அறிக்கையில் பார்த்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். எடைக்கட்டியைக் கயிற்றில் இழுத்துப் போட்டு, அடிகளை எண்ணி, அதிலிருந்து சூத்திரம் வழியாக வந்த எண் அது. அதில் இரண்டு தசம இடத்துக்குத் துல்லியம் எங்கிருந்து வரும்? கணினி காட்டியதை அப்படியே எழுதியிருக்கிறார், தன் சோதனையின் எல்லை என்ன என்று யோசிக்கவில்லை என்றுதான் நினைப்பேன். 185 என்றோ 180 என்றோ முழுமையாக்கி எழுதுங்கள்.

அலகு இல்லாத எண் எங்கேயும் இருக்கக் கூடாது. நம் ஊர்த் தளங்களில் இன்னும் டன் கணக்கில்தான் பேசுகிறார்கள். விதிநூல்கள் கிலோநியூட்டனில் பேசுகின்றன. ஒரு டன் என்பது 9.81 கிலோநியூட்டன். "தாங்குதிறன் 20" என்று மொட்டையாக எழுதினால், படிப்பவர் எந்த அலகில் எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம் வரும். 1999 செப்டம்பரில் செவ்வாய்க் கிரகத்தை நெருங்கிய அமெரிக்க விண்கலம் ஒன்று அழிந்துபோனது இப்படித்தான். விசைக் கணக்கை ஒரு தரப்பு பவுண்டு அலகில் கொடுத்தது, மறு தரப்பு அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு பிழை. உலகத்தின் தலைசிறந்த பொறியாளர்களுக்கே அப்படி நேர்ந்தது என்றால், நாம் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதுவதற்குச் சோம்பல் படலாமா?

அட்டவணையில் அலகைத் தலைப்பில் ஒருமுறை போட்டால் போதும். எண்களைத் தசமப் புள்ளிக்கு நேராக அடுக்குங்கள். அப்போதுதான் மேலிருந்து கீழே கண்ணை ஓட்டும்போது பெரியது சிறியது தானாகத் தெரியும். எல்லாப் பக்கமும் கட்டம் கட்ட வேண்டியதில்லை. தலைப்புக்கு மேலும் கீழும், அட்டவணையின் முடிவில் ஒன்றுமாக மூன்று கோடுகள் போதும். வெற்றிடமாக மட்டும் ஒரு கட்டத்தையும் விடாதீர்கள். சோதிக்கவில்லையா, சோதித்து எதுவும் கிடைக்கவில்லையா, தட்டச்சு செய்ய மறந்துவிட்டீர்களா? மூன்றும் வேறு வேறு. "சோதிக்கவில்லை" என்று எழுதுவதில் எந்தக் கௌரவக் குறைவும் கிடையாது.

ஊடுருவல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 63.5 கிலோ எடைக்கட்டி, 75 செ.மீ. உயரத்திலிருந்து விழுகிறது. அடியில் இருக்கும் குழாய் மண்ணுக்குள் 15 செ.மீ. இறங்க கட்டி எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று அடுத்தடுத்து மூன்று முறை எண்ணுகிறோம். முதலாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் கூட்டினால் அதுதான் முடிவு. பலரும் அறிக்கையில் "15" என்று கூட்டிய எண்ணை மட்டும் எழுதிவிடுகிறார்கள். "4, 6, 9, முடிவு 15" என்று மூன்றையும் எழுதுங்கள். சில சமயம் "4, 5, 31" என்று வரும். கூட்டினால் 36, கெட்டியான மண் என்று தோன்றும். மூன்றையும் பார்த்தால்தான் கடைசி 15 செ.மீ.-இல் ஒரு கல் தட்டியிருக்கலாம் என்று யூகிக்க முடியும். அந்த எண்ணில் திருத்தம் செய்திருந்தால் திருத்தியது எது, திருத்தாதது எது என்று அட்டவணையில் இரண்டுக்கும் தனித்தனி நெடுவரிசை கொடுங்கள்.

விஞ்ஞானிகள் இந்த இடத்தில் எங்களைவிடக் கண்டிப்பானவர்கள். பொறியாளர் "என்ன செய்ய வேண்டும்?" என்று முதலில் கேட்பார்; விஞ்ஞானி "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார். அதே மண்ணை, அதே முறையில், வேறொருவர் சோதித்தால் அதே முடிவு வருமா என்று பார்ப்பதே அவர் நோக்கம். அதனால் செய்முறை, கருவி, எத்தனை முறை அளந்தீர்கள், அளவுகள் எவ்வளவு சிதறின என்ற விவரங்கள் அவருக்கு மிக முக்கியம். முன்னுரை, செய்முறை, முடிவுகள், விவாதம் என்ற வரிசையில் அவர்கள் கட்டுரைகள் அமைவதும் அதனால்தான். அவர்களும் தொடக்கத்தில் ஒரு சுருக்கம் வைக்கத் தவறுவதில்லை. இரு தரப்பினருக்கும் பொதுவான ஒன்று உண்டு: கண்ணால் கண்டதையும் நீங்களாக ஊகித்ததையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடக் கூடாது. "2.2 மீட்டரில் மண் நிறம் மாறியது" என்பது கண்டது. "இதே அடுக்கு மனை முழுவதும் பரவியிருக்கிறது" என்பது ஊகம். இரண்டையும் வேறு வேறு பகுதிகளில் வையுங்கள்.

இனி உங்கள் முப்பரிமாண வரைபடங்கள். மனம் வருந்தாதீர்கள், அவற்றை எடுத்துவிடுங்கள். சாய்ந்து நிற்கும் தூணின் உச்சி எந்த எண்ணுக்கு நேராக இருக்கிறது என்று எவராலும் சரியாகச் சொல்ல முடியாது. மண் வரைபடத்தில் ஆழம் மேலிருந்து கீழே போக வேண்டும், நிலத்துக்குள் இருப்பதைப் போலவே. இரண்டு அச்சுகளிலும் பெயரும் அலகும் வேண்டும். நான்கு துளைகளுக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஊதா என்று நிறம் மட்டும் கொடுத்திருந்தால், ஜெராக்ஸில் நான்கும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். வட்டம், சதுரம், முக்கோணம், பெருக்கல் குறி என்று வடிவத்திலும் வேறுபடுத்துங்கள். படத்துக்குக் கீழே "படம் 4: ஆழமும் அடி எண்ணிக்கையும்" என்று நிறுத்தாமல், "2.2 மீட்டருக்குக் கீழே நான்கு துளைகளிலும் அடி எண்ணிக்கை 50-ஐத் தாண்டுகிறது" என்று ஒரு வரி சேர்த்தால், படத்தை மட்டும் பார்ப்பவருக்கும் செய்தி போய்ச் சேரும்.

எது எந்த இடத்தில், எந்த அளவு எழுத்தில் இருக்கிறது என்பது சில சமயம் உயிர்ப் பிரச்சினையாகவே ஆகிவிடுகிறது. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் மேலே கிளம்பியபோது, எரிபொருள் கலனிலிருந்து ஒரு காப்பு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் ஆராய்ந்து, திரையில் காட்டும் சில பக்கங்களாக அறிக்கை கொடுத்தார்கள். ஒரு பக்கத்தின் தலைப்பு, பெரிய எழுத்தில், ஆறுதல் தரும் விதமாக இருந்தது. அதே பக்கத்தின் அடியில், உள்ளே தள்ளி, சிறிய எழுத்தில் ஒரு வரி: சோதனையில் பயன்படுத்திய நுரைத் துண்டு 3 கன அங்குலம், மோதியதாகக் கணித்த துண்டு 1920 கன அங்குலம். 640 மடங்கு பெரியது. அப்படியென்றால் அந்தச் சோதனையை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று பொருள். தலைப்பில் இருந்திருக்க வேண்டிய செய்தி அடியில் கிடந்தது. கன அங்குலம் என்ற அலகைக்கூட ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். பிப்ரவரி 1-ஆம் தேதி கொலம்பியா திரும்பி வரும் வழியில் சிதறியது. கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேர் இறந்தார்கள். ஒரு மூத்த அதிகாரி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, உயிருக்கே ஆபத்தான நிலை என்பதை உணராமல் போவது எளிது என்று விசாரணைக் குழு தன் அறிக்கையில் எழுதியது. முழுமையான தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் திரைப் பக்கங்களைக் காட்டும் பழக்கத்தையும் அது கண்டித்தது. விபத்துக்கு ஒரு பக்கத்தின் வடிவம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எச்சரிக்கையை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 640 நினைவுக்கு வருகிறது. உங்கள் அறிக்கையில் "கரிசல் மண்ணில் ஃபுட்டிங் நிற்கக் கூடாது" என்ற வரி எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எடுத்துப் பாருங்கள்.

எழுத்துரு, இடைவெளி பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். தெளிவாகத் தெரிகிற ஓர் எழுத்துரு, 11 அல்லது 12 புள்ளி அளவு, வரிகளுக்கிடையே சற்றுத் தாராளமான இடைவெளி, ஏ4 தாள். தலைப்புக்குக் கறுப்பே போதும். தடித்த எழுத்து வேறுபாட்டைக் காட்டிவிடும். பூவேலைக் கரையை எடுத்துவிட்டால் அந்த இடம் ஓரக் குறிப்பு எழுதப் பயன்படும். நான் ஓர் அறிக்கையை உண்மையிலேயே படித்தேன் என்பதற்கு அடையாளம் அதன் ஓரங்களில் பென்சிலால் எழுதியிருப்பதுதான். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04 என்று போட்டால் மார்ச்சா ஏப்ரலா என்று குழப்பம் வரும். மின்னஞ்சலில் அனுப்பும்போது அறிக்கையை பி.டி.எஃப்.-ஆகவும், அளவுகளைத் தனியாக எக்செல் கோப்பாகவும் அனுப்புங்கள். பி.டி.எஃப்.-இல் இருக்கும் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டச்சு செய்து கணக்குப் போடும்போதுதான் புதிய பிழைகள் நுழைகின்றன. திருத்திய அறிக்கை என்றால் திருத்தம் 1, திருத்தம் 2 என்று எண் போட்டு, என்ன மாறியது என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள்.

செயப்பாட்டு வினை கட்டாயமில்லை. "துளை போடப்பட்டது, மாதிரி எடுக்கப்பட்டது, சோதிக்கப்பட்டது" என்று அடுக்கிக்கொண்டே போனால், எதை நீங்கள் செய்தீர்கள், எதை வெளிக் கூடத்துக்கு அனுப்பினீர்கள் என்பது மறைந்துவிடுகிறது. "நாங்கள் துளையிட்டோம், வீக்கச் சோதனையை வேறொரு கூடத்தில் செய்து வாங்கினோம்" என்று எழுதினால் பொறுப்பு யாருடையது என்று தெரியும். செய்தவர் யார் என்பது முக்கியமில்லாத இடத்தில் மட்டும் செயப்பாட்டு வினை இருக்கட்டும்.

தமிழில் எழுதுவதைப் பற்றிக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முழு அறிக்கை ஆங்கிலத்தில் போவது இன்றைக்குத் தவிர்க்க முடியாதது. விதிநூல்களும் மென்பொருள்களும் அந்த மொழியில் இருக்கின்றன. ஆனால் அந்தப் பள்ளியைக் கட்டப் பணம் கொடுப்பவர்கள், குழி தோண்டுகிறவர்கள், கம்பி கட்டுகிறவர்கள் எல்லோரும் தமிழில்தான் பேசிக்கொள்கிறார்கள். மேலே நான் எழுதிக் காட்டிய முதல் பக்கத்தைத் தமிழில் தனித் தாளாக அச்சிட்டு அறிக்கையோடு வைத்துக் கொடுங்கள். தளத்தில் இருக்கும் சிமென்ட் கொட்டகையின் கதவில் அதை ஒட்டச் சொல்லுங்கள். கொத்தனாருக்குப் பழகிய சொற்களையே எழுதுங்கள்: கரிசல், கிராவல், சுக்கான், ஃபுட்டிங், மட்டம். அகராதியைப் பார்த்துப் புதிய சொற்களைப் போட்டால் அவர் உங்களை மறுபடியும் தொலைபேசியில் அழைக்க வேண்டியிருக்கும். தமிழ்த் தாளில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. பழைய எழுத்துருக்களை விட்டு யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். இல்லாவிட்டால் எதிர்முனையில் வெறும் குறிகளாகத் திறக்கும். வலது ஓரத்தை நேராக்க முயலாதீர்கள். நம் சொற்கள் நீளமானவை. இரண்டு ஓரங்களையும் நேராக்கினால் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டைகள் விழும்.

ஸ்பைரல் பைண்டிங் தாராளமாகப் போதும். கெட்டி அட்டையைவிட அதுவே எனக்கு வசதி. மேசையில் விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாது, வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். இடப்பக்க ஓரத்தில் மட்டும் மூன்று செ.மீ. விட்டுவிடுங்கள், கம்பி ஏறும்போது அட்டவணையின் முதல் நெடுவரிசை துளைக்குள் போய்விடுகிறது, பெரும்பாலும் ஆழம் எழுதியிருக்கும் நெடுவரிசை அதுதான்.